டீச்சர் போட்ட இரண்டு கோடுகள்

முடிச்சூர் சாலையில் இருக்கும் என் வெல்டிங் பட்டறையின் பின்சுவரில் இரண்டு கோடுகள் உண்டு. ஒன்று என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில். இன்னொன்று என் தோள் உயரத்தில். இரண்டும் முதலில் சாக்பீஸால் போட்டவை. அழிந்துவிடக் கூடாது என்று அவற்றின் மேலேயே ரெட் ஆக்சைடு பெயின்டைத் தடவி வைத்தேன். போன மாதம் என் மகன் பட்டறைக்கு வெள்ளையடிக்க ஆள் கூட்டி வந்தான். பெயின்டர் ரோலரைத் தூக்கியபோது, "அந்த ரெண்டு கோட்டு மேல கை வச்சே, அப்பால கூலி கெடையாது" என்றேன். அவன் என் மகனைப் பார்த்தான். மகன், "அது டீச்சர் கோடு, விட்டுடு" என்றான்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். பல்லாவரத்தில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டத் தொடங்கி, வெல்டிங் கற்று, முப்பது வயதில் சொந்தப் பட்டறை போட்டேன். தாம்பரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நான் போட்ட கிரில், கேட், ஷட்டர் எத்தனை என்று எனக்கே தெரியாது. ஒன்றுகூடத் தொங்கிப் போனதில்லை. தற்பெருமை என்று நினைப்பவர்கள் எந்த வீட்டிலாவது போய் ஆட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். காகிதத்தில் அளவு எழுதியது கிடையாது. நூல் பிடித்து, முடிச்சுப் போட்டு, பையில் வைத்துக்கொள்வேன். அது போதும்.

டீச்சரை எனக்குத் தெரிய வந்ததும் ஒரு கிரிலால்தான். பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய வீடு. மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பும் முன்பே குடிவந்துவிட்டார்கள். துணி எடுக்கப் போன டீச்சர் பின்னால் கால் வைத்து விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. விழுந்து ஒன்றரை வருஷம் ஆகப்போகும் சமயத்தில், அந்த மாடிக்கு கிரில் போட அவர் கணவர் என்னைக் கூப்பிட்டார். கோட்டையில் வேலை பார்க்கும் மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். நான் அவரை சார் என்பேன். எண்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை.

கூடத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி டீச்சர் என் நூல் முடிச்சுகளைப் பார்த்தார். "மேஸ்திரி, மொத்தம் எத்தனை அடி கம்பி வரும்?" என்றார். சொன்னேன். அவர் பேனாவால் போட்டுப் பார்த்தார். அதே கணக்கு வந்தது. "எங்க ஸ்கூலுக்கு வந்து கணக்கு எடுங்களேன், என்னை லைப்ரரிக்கு அனுப்பப் பாக்கறாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சாரின் முகம் சுருங்கியதை நான் கவனித்தேன்.

விஷயம் இதுதான். டீச்சர் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். உட்கார்ந்தால் கரும்பலகையில் கால்வாசிகூட எட்டாது. ஹெச்.எம். அம்மா நல்லவர்தான், ஆனால் கறாரானவர். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது போர்டில் எழுத முடிந்தால் பத்தாம் வகுப்பு, இல்லையென்றால் நூலகத்தில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு எண் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். "எண்ணைப் புத்தகத்து முதுகுல ஒட்டறதுக்கா நான் கணக்கு படிச்சேன்?" என்று டீச்சர் என்னிடம் கேட்டார். பிறகு ஒரு படத்தை நீட்டினார். வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. அவருக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி அம்மா கொடுத்தது. ஒருவன் சக்கர நாற்காலியில் இருக்கிறான், ஆனால் நின்றுகொண்டிருக்கிறான். முழங்காலுக்கும் மார்புக்கும் பட்டை. நாற்காலியே அவனை நிமிர்த்திப் பிடித்திருந்தது.

"இதைச் செய்ய முடியுமா மேஸ்திரி?"

"இன்னா டீச்சர் இப்டி கேட்டுட்டீங்க? படம் போதும், செஞ்சிடலாம்" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாசலில் செருப்பு மாட்டும்போது சார் மெதுவாக, "நின்னா அப்புறம் நடக்க வந்துடும் இல்லையா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆறு மாசத்துல நடந்து காட்டுவாங்க சார்" என்றேன். உள்ளேயிருந்து டீச்சர் குரல் வந்தது: "மேஸ்திரி, நீங்க இரும்புக்கு மட்டும் கேரண்டி குடுங்க." இன்றுவரை அந்தக் குரல் எனக்குக் காதில் இருக்கிறது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கார் ஜாக்கி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கைப்பிடியைச் சுற்றினால் காரையே தூக்குவது, டீச்சரைத் தூக்காதா? அதே பல்லாவரத்தில் தோல் வேலை செய்யும் நண்பன் ஒருவன் முழங்காலுக்கும் மார்புக்கும் மெத்தென்று வார் தைத்துக் கொடுத்தான். என் மனைவி சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம், "கேட்டு கேட்டுன்னு ஆளுங்க வந்து வந்து போய்கினு கீறாங்க, நீ இன்னா நாற்காலிய வச்சிகினு கொஞ்சிகினு கீற?" என்பாள். ஆனால் உட்கார்ந்து பார்க்க முதல் ஆளாக வந்ததும் அவள்தான். இருபத்தைந்து நாளில் முடித்தேன்.

டீச்சரை ஆட்டோவில் பட்டறைக்கே கூட்டி வந்தார்கள். எலும்பைப் படம் எடுத்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் பிசியோதெரபி அம்மா ஒத்துக்கொண்டார். ஒரேயடியாக நிமிர்த்தக் கூடாது, ரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றும் என்றார். கைப்பிடியை டீச்சரே சுற்றினார். பத்துச் சுற்று, நிறுத்தம். முகம் வெளுத்தது. கொஞ்சம் இறக்கினோம். மறுபடி சுற்றினார். கால் மணி நேரத்தில் டீச்சர் நின்றார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு நின்றார். நான் நினைத்ததைவிட உயரமான பெண்மணி. எதிரில் நின்ற சாரைக் கீழ்நோக்கிப் பார்த்து, "உச்சியில வழுக்கை விழுந்திருக்கே, எப்போலேர்ந்து?" என்று கேட்டார். சார் தலையைத் தடவிக்கொண்டே வெளியே போய், சாலையைப் பார்த்து நின்றார். டீச்சர் என் சட்டைப் பையிலிருந்து இரும்பில் குறி போடும் சாக்பீஸை எடுத்தார். கையை எட்டும் மட்டும் உயர்த்தி, சுவரில் ஒரு கோடு இழுத்தார். மேல்கோடு அதுதான்.

அன்று நான் பட்டறை வாசலில் நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். மின்சார ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவரிடமும் சொன்னேன். இரண்டு வாரம்தான் அந்த ஆட்டம்.

பிசியோதெரபி அம்மா ஒரு நாள் பட்டறைக்கு வந்து, நாற்காலியை ஆட்டோவிலிருந்து இறக்கச் சொன்னார். டீச்சரின் கீழ்முதுகில் புண். தோல் உரிந்து உள்ளே போயிருந்தது. அவருக்கு வலி தெரியாததால் யாருக்கும் தெரியவில்லை. "என் வெல்டிங்ல பிசிறே இருக்காதும்மா, தடவிப் பாருங்க" என்றேன். அவர் தடவவில்லை. "நீங்க உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். வாரைக் கட்டிவிட்டு அவரே கைப்பிடியைச் சுற்றினார். நான் நிமிர நிமிர, முதுகுப்பலகை என் முதுகோடு வராமல் தனியாக மேலே ஏறியது. லுங்கிக்குள் சொருகியிருந்த சட்டை உருவிக்கொண்டு அக்குள் வரைக்கும் போய்விட்டது. முதுகு எரிந்தது.

"உங்களுக்கு எரியுது, உடனே நெளியறீங்க. அவங்களுக்கு எரியாது" என்றார். அதிகம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தப்பு என்ன என்று அப்போதே புரிந்துவிட்டது. கேட் போடுகிறவன் கீலை எங்கே வைப்பான்? இரும்பும் இரும்பும் சேருகிற மூலையில் வைப்பான். நானும் இருக்கையும் முதுகுப்பலகையும் சேருகிற மூலையில் வைத்திருந்தேன். மனுஷ உடம்பு அங்கே மடங்குவதில்லை. அதன் கீல் இடுப்புக்குள்ளே, மூலையிலிருந்து நாலு விரல் முன்னாலும் மேலேயும் இருக்கிறது. இருபது வருஷம் இரும்பை அளந்தவன், அதில் உட்காரப்போகிறவரை அளக்கவில்லை. இரண்டு பக்கமும் காது மாதிரி பட்டை எழுப்பி, இடுப்பெலும்புக்கு நேராகக் கீலை மாற்றினேன். முழங்காலுக்கும் அப்படியே. மாற்றி முடித்ததும் என் மனைவியை உட்கார வைத்து, முதுகில் சாக்பீஸால் குறி போட்டு, பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். "கலியாணத்தன்னைக்கிக்கூட இவ்ளோ நேரம் என்னை உத்து பாக்கல" என்றாள். குறி நகரவில்லை.

ஆனால் புண் ஆறும் வரை டீச்சர் உட்காரவே கூடாது. ஆறு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தார். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது கட்டிலில் கவிழ்ந்தபடி பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "உட்காருங்க மேஸ்திரி, என்னாலதான் முடியாது" என்றார். ஜூன் வந்தது, போனது. ஹெச்.எம். அம்மா வகுப்பைத் தற்காலிகமாக வேறொருவருக்குக் கொடுத்து, ஆகஸ்ட் வரைதான் பார்ப்பேன் என்று சொல்லி அனுப்பினார்.

ஆகஸ்டில் டீச்சர் வகுப்புக்குப் போனார். ஸ்பேனரோடு நான் வராந்தாவில் நின்றேன். அவர் கைப்பிடியைச் சுற்றி எழுந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். என் நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம்தான் பார்த்தேன். நின்ற இடத்தில் கை எட்டும் மூன்றடிதான் எழுத முடிந்தது. நின்றபடி நகர்ந்தால் குடை சாய்ந்துவிடும். அப்படி ஒரு வண்டி அது. அடுத்த மூன்றடிக்கு இறங்கி, வாரைச் சரிசெய்து, நகர்த்தி, மறுபடி ஏற வேண்டும். பிள்ளைகள் பக்கம் திரும்பவும் முடியாது. மணி அடித்தபோது ஒன்றரைக் கணக்கு முடிந்திருந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் கொட்டாவி விட்டாள். ஜன்னலோரம் நின்ற ஹெச்.எம். அம்மா உள்ளே வந்து, "நின்னீங்க டீச்சர், எனக்கும் சந்தோஷம். ஆனா இப்படிப் போனா போர்ஷன் முடியாது. திங்கக்கிழமை ஒரு முடிவு எடுத்துடலாம்" என்றார்.

ஆட்டோவில் திரும்பினோம். பெருங்களத்தூர் கேட் மூடியிருந்தது. ரயில் போகக் காத்திருந்தபோது டீச்சர் சொன்னார்: "நான் எழுந்திருக்கணும், எழுந்திருக்கணும்னே எல்லாரும் யோசிச்சோம். போர்டு ஏன் அசையக் கூடாது மேஸ்திரி?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்போ நா செஞ்ச நாற்காலி வேஸ்ட்டா?"

"யார் சொன்னா? அது என் எலும்புக்கு, என் ரத்தத்துக்கு. போர்டு பசங்களுக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டது நாமதான்."

போர்டைக் கீழே இறக்கி மாட்டினால் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது என்றும் அவரே சொன்னார். பட்டறைக்கு வந்து ஷட்டரைத் தூக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஒற்றைக் கையால் இவ்வளவு பெரிய தகரம் மேலே போகிறதே. அன்று மாலையே டீச்சரை வரவழைத்து, உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில் சுவரில் இன்னொரு கோடு போடச் சொன்னேன். கீழ்க்கோடு அது. சனி, ஞாயிறு இரண்டு நாள். இரண்டு பக்கமும் பலகை ஏறி இறங்க ஷட்டருக்கு இருப்பது போலக் காடி, மேலே சைக்கிள் பல்சக்கரம், செயின், மறுமுனையில் எடைக்கு இரும்புத் துண்டுகள். உயரமான புதுப் பலகை. உட்கார்ந்தபடி எழுதி, விரலால் ஒரு தள்ளு தள்ளினால் எழுதினது மேலே போகும், வெற்றுப் பலகை கைக்கு வரும். திங்கட்கிழமை ஒரே வகுப்பில் டீச்சர் ஐந்து கணக்கு முடித்தார். ஹெச்.எம். அம்மா தானும் ஒரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு வேணும், எனக்கு முதுகு வலி" என்றார். நூலகத்துப் பேச்சு அன்றோடு போனது.

நிற்கும் நாற்காலியை டீச்சர் விடவில்லை. தினமும் காலையில் அரை மணி நேரம் நின்றுகொண்டே பேப்பர் படிப்பார். கால் திடீர் திடீரென்று இழுத்துக்கொள்வது குறைந்தது; வயிறு ஒழுங்காக வேலை செய்தது. பெற்றோர் வரும் நாளில் நின்றுதான் பேசுவார். "ஒன்றரை வருஷமா எல்லாரோட மோவாயையும் பாத்து அலுத்துப்போச்சு" என்பார். நடக்கவில்லை. சாரும் அதற்கப்புறம் கேட்கவில்லை. எந்நேரமும் நிற்கவும் முடியாது. அது பஸ்ஸில் ஏறாது, குளியலறைக்குள் போகாது, முதுகைத் தினமும் கண்ணாடியில் பார்த்தாக வேண்டும்.

கேள்விப்பட்டுப் பலர் வந்தார்கள். தொண்ணூறுகளில் நான்கு பேருக்குச் செய்து கொடுத்தேன். பொழிச்சலூரிலிருந்து ஒருவர் தன் அண்ணனுக்குக் கேட்டு வந்தார். முழங்கால் மடங்கினபடியே இறுகிவிட்டது என்று பிசியோதெரபி அம்மா சொன்னதும் முடியாது என்று திருப்பி அனுப்பினேன். நான் முடியாது என்று சொன்ன முதல் வேலை அது. அவர் கோபித்துக்கொண்டு போனார். பரவாயில்லை.

டீச்சர் ஓய்வு பெற்று வெகு நாளாகிறது. இப்போது வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். அங்கேயும் ஒரு போர்டு போட்டுக் கொடுத்திருக்கிறேன். பெயின்டர் போன பிறகு அவருக்குப் போன் செய்தேன்.

"சுவருக்கு வெள்ளை அடிச்சாச்சு டீச்சர். மேல்கோட்டை விட்டுட்டேன்."

"கீழ்க்கோடு?"

"அதையுந்தான்."

"அப்ப சரி. இருங்க, பசங்க எழுதி முடிச்சுட்டாங்க" என்றார். போனில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. பலகை மேலே போகிறது. என் செயின், எனக்குத் தெரியாதா?

"எண்ணெய் விடணும் டீச்சர். நாளைக்கி வரேன்" என்றேன்.