மா நிறுக்கும்போது நடுங்கிய கை

இலங்கை மலையகத்தின் பதுளையில் கடைச் சிப்பந்திகளுக்கு நான் வணிக ஒழுக்கம் கற்பித்த காலம். எழுபதுகளின் உணவுத் தட்டுப்பாடு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கடையில் சேல்ஸ்மேனாக இருந்த மாரிமுத்து முதல் நாளே என்னிடம் வந்தார்.

"சேர், கோதும மாவு நிறுக்கிறப்ப மட்டும் எனக்குக் கை நடுங்குது. சீனி, பருப்புன்னா ஒண்ணுமில்ல. டாக்டர் நரம்பெல்லாம் நல்லா இருக்குன்னுட்டாரு."

குறைத்து நிறுக்கக் கூடாது என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் செய்கிறோம் என்பதுதான் என் பாடம். அதற்கு ஆழ்மனம் பற்றிய புத்தகங்களில் படித்த ஒரு பயிற்சியை வைத்திருந்தேன். நான் ஒரு சொல் சொல்வேன். மனதில் முதலில் வருவதை அவர்கள் யோசிக்காமல் சொல்ல வேண்டும்.

"தராசு" என்றேன்.

"மொதலாளி" என்றார் மாரிமுத்து.

"கோதுமை மா."

"பாப்பாத்தியக்கா."

சொன்னவரே திகைத்துப் போனார். வகுப்பு கலைந்த பிறகு தனியாகப் பேசினார். பாப்பாத்தி அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தட்டுப்பாட்டு நாட்களில் ஒவ்வொரு நிறுவையிலும் கொஞ்சம் குறைத்துப் பிடித்துக்கொள்ளும்படி முதலாளி சொல்லியிருக்கிறார்.

"அக்காவுக்கும் மாவக் கொறச்சுத்தான் நிறுத்தேன். அக்கா தராசப் பாத்துச்சு, என்னயப் பாத்துச்சு. ஒண்ணும் கேக்காம வாங்கிக்கிட்டுப் போயிருச்சு. அந்த மாசமே அதோட சின்னப் புள்ள செத்துப்போச்சு. காய்ச்சல்னாங்க. காய்ச்சலா பசியான்னு யாருக்குங்க தெரியும்? மொதலாளி சொன்னாரு, செஞ்சேன்னு நெனச்சு மறந்துட்டேன் சேர்."

"உள்மனசு மறக்கல. போய் அவங்ககிட்டயே சொல்லிருங்க."

அடுத்த வகுப்பில் அவர் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா இருந்த லயத்து வீட்டுக்குப் போனேன் சேர். தோட்டத்து ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்புறாங்கல்ல, அக்காவுக்கும் பாஸ்போட் வந்து குடும்பத்தோட போயிருச்சாம். ரயில் டேசன்ல எல்லாரும் கட்டிப்புடிச்சு அழுதாங்களாம். நான் அந்நேரம் கடையில மாவு நிறுத்துக்கிட்டு இருந்திருக்கேன். எந்த ஊருக்குப் போச்சுன்னு யாருக்கும் தெரியல."

இனிக் குறைத்து நிறுக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னார். வேலை போயிற்று. பிறகு ஒருநாள் பண்டாரவளைச் சந்தையில் மரக்கறி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவரைக் கண்டு, கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"மூட்ட தூக்குறப்ப ஒண்ணுமில்ல சேர். வீட்டுல ரொட்டிக்கு மாவு பெசையிறப்பதான்."

காரணத்தைக் கண்டுபிடித்தால் மனம் ஆறிவிடும் என்று நான் படித்திருந்தேன். மாரிமுத்துவுக்கு ஆறவில்லை. அதன்பின் வந்த ஒவ்வொரு வகுப்பிலும் நான் முதலில் சொன்னது ஒன்றுதான்: யாருக்குக் குறைத்தீர்களோ, அவர் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும்போதே போய்ச் சொல்லிவிடுங்கள்.