தேவகனி உட்கார்ந்த கதை

தேவகனிக்கு நிற்பதில் ஒரு பெருமை இருந்தது. குழித்துறையில் நவதாரா டெக்ஸ் என்ற மூன்று மாடி ஜவுளிக்கடையின் பட்டுச்சேலைப் பிரிவில், கல்யாணமான மறுவருஷம் நிற்கத் தொடங்கியவள் அவள். மகன் பிறந்து, படித்து, கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். காலையில் இரணியலில் ரயில் ஏறினால் அதிலும் நின்றுதான் வருவாள். யாராவது நகர்ந்து இடம் கொடுத்தால், "ஆண்டாம் பிள்ளே, இருந்து பழகினா பெறகு நிக்கதுக்குத் தோணாது" என்பாள். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் மதியத்துக்கு மேல் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். கொக்காவது மீனுக்காக நிற்கிறது, இவளுகளுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று நினைத்துக்கொள்வாள்.

கடையில் இருக்கைகள் இல்லாமல் இல்லை. சேலை எடுக்க வரும் பெண்களின் புருஷன்மாருக்கென்று மெத்தை வைத்த நாற்காலிகள் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன. அவர்கள் அதில் சாய்ந்து வாய் பிளந்து தூங்குவார்கள். அவர்களைத் தாண்டிப் போகும் சேல்ஸ் பெண்கள் சத்தம் வராமல் நடக்க வேண்டும் என்பது முதலாளி தங்கப்பனின் கட்டளை. தூங்குகிற புருஷன் விழித்தால் பெஞ்சாதியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான், வியாபாரம் கெடும். தங்கப்பன் கெட்டவர் அல்ல. கிறிஸ்துமஸுக்கும் ஓணத்துக்கும் எல்லோருக்கும் சேலை கொடுப்பார். தரைத்தளத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கேமராத் திரைகளில் மூன்று மாடியையும் பார்த்துக்கொண்டிருப்பார். கையருகே ஒரு மைக் இருக்கும்.

ஒரு மத்தியானம், ஆள் இல்லாத நேரத்தில், ஏழு மாசக் கர்ப்பிணியான சுபிதா விற்காமல் கிடந்த கம்பளிக் கட்டு ஒன்றின் மேல் மெல்ல உட்கார்ந்தாள். உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விடுவதற்குள் கூரை ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது.

"மேல்மாடி, மூணாம் நம்பர் கேமரா. அங்க இருக்கது ஆரு? எழும்பு."

சுபிதா பதறி எழுந்தாள். எழும்போது அலமாரியைப் பிடித்தாள். அடுக்கிவைத்த சேலைகள் அவள் தலைமேலேயே சரிந்தன. அவள் அழவில்லை, குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடிக்கத் தொடங்கினாள். வயிறு இடித்ததால் அவளால் சரியாகக் குனிய முடியவில்லை. தேவகனிக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. கூரையைப் பார்த்து, "சூலி ஆக்கும் மொதலாளி!" என்று கத்தினாள். ஒலிபெருக்கிக்கு வாய் உண்டு, காது கிடையாது. பாட்டு மறுபடி ஓடியது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அஜிஷாவுக்கு வாட்ஸாப்பில் பேசினாள். அஜிஷா, தேவகனியின் புருஷன் இஸ்ரவேலுக்கு அக்கா மகள். ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். மிச்ச நேரத்தில் 'குமரிக் கனல்' என்று ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்துகிறாள். உலகத்தில் எங்கே அநீதி நடந்தாலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் அதைக் கண்டித்துவிடுவாள்.

"மாமி, இதுக்குச் சட்டமே இருக்காக்கும்!" என்றாள் அஜிஷா. "கடையில நிக்கியவங்களுக்கு இருக்க இடம் குடுக்கணும். வந்து வருசங்களாச்சு."

"நெசமாவா? அப்போ இவ்வளவு நாளும் அந்தச் சட்டமும் எங்கள மாதிரி நின்னுட்டுதான் இருந்திருக்கு."

"இத நாம சும்மா விடப்பிடாது. ஒங்க கால ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. ரெண்டு காலும் தெரியணும்."

தேவகனி கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, புதுப் பாயின் மேல் வைத்துப் படமெடுத்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"காலு நல்ல அழகா இருக்கு மாமி. இதப் பாத்தா ஆருக்கும் கோவம் வராது."

தேவகனிக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. அப்போது இஸ்ரவேல் டி.வி.க்கு முன் காலை நீட்டிக் கிடந்தான். கொத்தனார் வேலை. சிமெண்டு தின்று வெடித்த குதிகால். கணுக்காலுக்கு மேல் நரம்புகள் ஆலமர வேர்போல முறுக்கிக்கொண்டு நின்றன. தேவகனி அவன் காலருகே குந்தினாள். தன் கொலுசைக் கழற்றி அவன் காலில் மாட்டப் பார்த்தாள். அது பாதிக்கு மேல் ஏறவில்லை.

"ஏட்டி, என்ன செய்யுக?"

"சும்மா கிடயுங்க. நியாயத்துக்காக்கும்."

விஷயத்தைக் கேட்டபிறகு இஸ்ரவேல் யோசித்தான். "அது பொய்யில்லியா?"

"எனக்கும் மனசு கேக்கல்ல."

"ஒண்ணு செய். கல்யாணத்தில போதகர் என்ன பறஞ்சாரு? இனிமே ரெண்டுபேரும் ஒரே மாம்சம்னுல்லா பறஞ்சாரு. அப்போ எனக்க காலு ஒனக்க காலுதான். எடு."

கொலுசு இல்லாமலேயே எடுத்து அனுப்பினாள். 'உழைக்கும் பெண்ணின் பாதம்' என்ற தலைப்பில் அது வெளிவந்தது. கடைப் பெயரையும் அஜிஷா போட்டிருந்தாள். மறுநாள் காலைக்குள் அது ஷார்ஜா, சென்னை, சிங்கப்பூர் எல்லாம் சுற்றி, ரயிலில் தேவகனிக்கு எதிரே நின்ற பெண்ணின் போனுக்கே வந்து சேர்ந்தது. "பாவம், ஆருக்க காலோ" என்று அந்தப் பெண் தேவகனியிடமே காட்டினாள். 'இது பாதமல்ல, பாரதம்' என்று ஒருவர் கவிதை எழுதினார். அதை இஸ்ரவேல் வேலையிடத்தில் சித்தாள்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினான். கால் யாருடையது என்பதை மட்டும் சொல்லமுடியாமல் வீடு வந்தான்.

ஒரே ஒருவர்தான் சந்தேகப்பட்டார். 'பெருவிரலில் முடி இருக்கிறதே?' என்று கேட்டார். 'பெண்ணுக்கு முடி இருக்கக்கூடாதா? கோளாறு விரலில் இல்லை, உங்கள் பார்வையில்' என்று அஜிஷா பதில் போட்டாள். அதற்கு விழுந்த விருப்பக்குறிகளைப் பார்த்து அவர் மன்னிப்புக் கேட்டார். பிறகு பெண்ணுடலின் முடியைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றும் எழுதினார்.

தங்கப்பன் எதுவும் கேட்கவில்லை. காலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முயன்றிருப்பார் போலும். இரண்டு நாள் கேமராத் திரையில் பெண்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்ததாகக் கீழே பில் போடும் பெண் சொன்னாள். கடையில் எந்தக் காலும் அந்தக் காலோடு பொருந்தவில்லை.

ஆனால் நாகர்கோவிலில் ஓர் அமைப்பு பாராட்டு விழா வைத்தபோது அஜிஷா மூலம் தேவகனியின் பெயர் வெளிவந்துவிட்டது. 'அமரும் உரிமைப் போராளி' என்று பேனரில் அச்சடித்திருந்தார்கள். அவள் சாயம் போகாத பருத்திச் சேலை கட்டி, காலில் மறக்காமல் சாக்ஸ் போட்டுக்கொண்டு போனாள். மேடையில் ஏழு நாற்காலிகள் கிடந்தன. தலைவர், செயலாளர், புரவலர், வழக்கறிஞர், பேராசிரியர், பேராசிரியரோடு வந்தவர், பத்திரிகைக்காரர் என்று ஏழும் நிறைந்தன. தேவகனிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். மட்டமான பாலியஸ்டர். "அம்மா, போட்டோ இன்னும் முடியல, அப்படியே நில்லுங்க" என்று ஒருவர் சொல்ல, அவள் ஓரமாக நின்றாள்.

பேராசிரியர் பேசத் தொடங்கினார். உட்காருதல் என்பது ஓர் அரசியல் செயல்பாடு என்றார். நாற்காலியின் வரலாறு அதிகாரத்தின் வரலாறு என்றார். அரசர்களின் சிம்மாசனத்தில் புறப்பட்டு நீதிமன்ற நாற்காலி வரைக்கும் வந்தார். அதற்குள் தேநீர் வந்து, குடித்து, கப்புகளும் திரும்பிப் போயின. தேவகனி நின்றாள். அவளுக்கு அதில் சிரமமும் இல்லை. கடையில் நிற்பதுபோலக் கையைக் கோத்துக்கொண்டு, யாராவது சேலை கேட்பார்களோ என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் நிற்பதே யாருக்கும் தெரியவில்லை.

பின்வரிசையில் இஸ்ரவேல் எழுந்தான். "சாரே! எனக்க பெஞ்சாதி அங்க நிக்கா. ஆரும் பாக்கலியா?"

சபை திரும்பியது. பேராசிரியர் தடுமாறவில்லை. "அம்மா இங்கே நிற்பதே ஒரு குறியீடு" என்றார். சிலர் கைதட்டினார்கள்.

"குறியீடெல்லாம் இருக்கட்டும் சாரே. ஒரு கசேர போடும்."

கசேரை வந்தது. பந்தலில் கிடந்த பிளாஸ்டிக் கசேரை. தேவகனி கூச்சத்தோடு அதன் நுனியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் கூட்டமும் முடிந்து, தேசிய கீதத்துக்காக எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

விழாச் செய்தி பத்திரிகையில் வந்த வாரம், கடைக்கு ஸ்டூல்கள் வந்து இறங்கின. ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு. பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே, 'ஊழியர் இருக்கை' என்று ஒட்டி வைத்தார்கள். தங்கப்பன் அவற்றின் முன்னால் நின்று வீடியோ எடுத்துக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார்: 'நவதாரா, மனிதநேயத்தின் மறுபெயர்.' சுபிதா போய் ஒன்றில் உட்கார்ந்தாள். பாட்டு நின்றது. "எழும்பு."

தேவகனி கீழே இறங்கிப் போய்க் கேட்டாள். "பெறகு அது எதுக்கு மொதலாளி?"

"சட்டம் என்ன சொல்லுது தேவகனி? இருக்கை போடணும்னு சொல்லுது. போட்டாச்சு. அதுல இருக்கணும்னு எங்கயாவது சொல்லியிருக்கா?"

வீட்டுக்கு வந்ததும் போனில் அஜிஷாவைக் கூப்பிட்டாள். அஜிஷாவுக்கு அப்போது ஏதோ ஒரு தீவில் கடலாமைகளுக்கு நடந்த கொடுமை.

"ஸ்டூல் வந்துட்டுல்லா மாமி? ஜெயிச்சாச்சு! நான் நேத்தே போஸ்ட் போட்டுட்டேன். பத்தாயிரம் பேரு வாழ்த்தியிருக்காவ."

"ஆருமே அதில இருக்கல்ல மக்களே."

"அது ஒங்க அடுத்த கட்டப் போராட்டம்" என்று சொல்லி அவள் ஆமைகளிடம் திரும்பிப் போனாள்.

பத்தாயிரம் பேர் ஜெயித்துவிட்டார்கள், தோற்றது மேல்மாடியில் ஆறு பெண்கள் மட்டும் என்று தேவகனிக்குத் தோன்றியது. ஜெயித்தவர்களிடம் போய் எப்படிச் சொல்வது? பிறகு, கல்யாண சீசன் தொடங்கிய ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் பெண்களிடம் சொன்னாள்: "ஒருத்தி இருந்தா ஒருத்தியத்தான் எழுப்புவாரு. எல்லாரும் இருப்போம். மைக்கு பேசினா பேசட்டு."

"வேல போச்சுன்னா சேச்சி?" என்றாள் சுபிதா.

"கல்யாண சீசன்ல ஆறு பேர விட்டுட்டு அவரு வந்து சேல மடக்குவாராட்டி?"

மூன்று மணிக்கு ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். ஸ்டூல் போதவில்லை, புருஷன்மார் நாற்காலிகளில் ஆளில்லாதவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பாட்டு நின்றது. "எழும்பு" என்றது கூரை. தேவகனியின் கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. அவள் முழங்கால்களை இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "எழும்பு!" என்று மறுபடி குரல். சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு புருஷன் மட்டும் திடுக்கிட்டு எழுந்து நின்றான்.

அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. தங்கப்பன் மூன்று மாடியும் படியேறி வந்தார். கனத்த உடம்பு. வாசலில் வந்து நின்றபோது அவருக்கு வாயைத் திறக்க முடியவில்லை. நெஞ்சில் கை வைத்தபடி இருக்க ஓர் இடம் தேடினார். எல்லா இடத்திலும் பெண்கள் இருந்தார்கள்.

தேவகனி எழுந்தாள். "இரியுங்க மொதலாளி" என்று தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். வேர்வை வழிய அவர் அதில் பொத்தென்று உட்கார்ந்தார். சுபிதா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். உட்கார்ந்துகொண்டு மற்றவர்களை எழும்பச் சொல்வது எப்படி என்று அவருக்குப் பிடிபடவில்லை. மைக்கில் என்றால் சொல்லியிருப்பார்.

"ஆளு வரும்போ எழும்பினாப் போதும்" என்று முணுமுணுத்துவிட்டு, மூச்சு அடங்கும் வரை அங்கேயே இருந்து, பிறகு இறங்கிப் போனார்.

அடுத்த மாசம் அவர் தேவகனியை மேல்மாடி இன்சார்ஜ் ஆக்கினார். சம்பளமும் கூடியது. "நீ பறஞ்சா அவளுவ கேப்பாளுவ" என்றார். இன்சார்ஜுக்குத் தனி ஸ்டூல் கிடையாது. எல்லாப் பிரிவுக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பெண்கள் முறைவைத்து இருப்பதைத் தேவகனி நடந்து நடந்து பார்த்துக்கொண்டாள். இதில் முதலாளியின் தந்திரம் ஏதோ இருக்கிறது என்று இஸ்ரவேல் சொன்னான். இருக்கலாம். ஆனால் இன்சார்ஜ் ஆனதால் அவள் நினைத்த நேரத்தில் முதலாளியின் அறைக்குள் போக முடிந்தது. அதை அவர் யோசித்திருக்கவில்லை.

மேல்மாடிக் கழிப்பறை வாடிக்கையாளருக்கு மட்டும். சேல்ஸ் பெண்கள் தரைத்தளத்துக்கு இறங்கி, முதலாளியின் மேஜையிலிருந்து சாவி கேட்டு வாங்கி, குடோன் தாண்டிப் பின்னால் போக வேண்டும். நாலு ஆண்களுக்கு முன்னால் சாவி கேட்க வெட்கப்பட்டு, காலையில் வந்தால் சாயங்காலம் வரை யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. அஜிஷாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னபோது அவள் நிஜமாகவே கொதித்தாள். கொதித்து முடித்தபின் கேட்டாள்.

"மாமி, இதுக்கு என்ன போட்டோ போட?"

"போட்டோ ஒண்ணும் ஆண்டாம் மக்களே. நான் நேரே போய்க் கேட்டுக்கிடுதேன்."

மறுநாள், கல்யாண வீட்டார் நிறைந்திருந்த நேரம் பார்த்து, தேவகனி கண்ணாடி அறைக் கதவைத் திறந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, சேலை விலை சொல்லும் குரலில் சொன்னாள்: "மொதலாளி, பிள்ளையளுக்கு மூத்திரம் போணும். மேல உள்ளத திறந்து குடுங்க."

கல்யாண வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். தங்கப்பனின் முகம் கன்றியது. முடியாது என்று சொல்வதாக இருந்தால் எது முடியாது என்றும் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை. தலை குனிந்தபடியே, "ம்ம், ம்ம்" என்று கையை மட்டும் ஆட்டினார்.

மேல்மாடிக் கழிப்பறை திறந்து பத்து நாள் கழித்து ஒரு பிற்பகலில் மேல்மாடியில் பாட்டு நின்றது. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

"மேல்மாடிக்கு ஒரு நாளைக்கு ஒரு கேன் குடிதண்ணிதானே தருவது. இப்போ ரெண்டாவதும் தீந்து போச்சுன்னு சொல்லுதாவ. என்னவாக்கும் காரியம்?"

பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த புருஷன்மார் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள்.