பனையில் ஏறிய ஏரியல்

கொழும்பில் கலவரம். அங்கே கடையில் வேலை செய்யும் என் தம்பியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

திருத்தி வைத்திருந்த பழைய வால்வு ரேடியோவில் வெறும் இரைச்சல். இன்று பின்னேரம் நீளச் செம்புக் கம்பியைப் பனையில் ஏற்றி ஏரியலாகக் கட்டினேன். லண்டன் செய்தி தெளிவாகக் கேட்டது.

பக்கத்து வீட்டு அண்ணை வேலியால் எட்டிப் பார்த்தார்.

“இஞ்சை பாரும், உந்தக் கம்பியைக் கழட்டும். ஆமிக்காரன் கண்டால், செய்தி அனுப்புற கம்பி எண்டு எங்களையுமெல்லே பிடிப்பான்.”

“உள்ளுக்குக் கட்டினால் ஒண்டும் கேளாது, அண்ணை.”

“கேட்டு என்ன செய்யப்போறீர்?”

கம்பியைக் கழற்றி வீட்டுக்குள் கட்டினேன். மறுபடியும் இரைச்சல்.

அம்மா ரேடியோவை நிறுத்த விடவில்லை. “பொறு, அவன்ரை பேரைச் சொல்லுவினம்.”

லண்டன் செய்தியில் கடைப் பொடியன்களின் பெயர் வராது என்று அம்மாவுக்குச் சொல்லத் துணிந்தவர்கள் யாராவது இருந்தால், வீட்டுப்பக்கம் வாருங்கள்.