இடப்பக்கத்துத் தம்புரா

வீரராகவனுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று மனைவி காமுவிடம் சொல்லியிருந்தார். லேக் கார்டன்ஸில் இரண்டாம் மாடி வீட்டின் கடைசி அறை, ஒன்பதடிக்குப் பத்தடி. அதில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் அருகருகே உட்கார்ந்திருந்தன. சனிக்கிழமைக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கடைக்குத் திருப்பியாக வேண்டும். இன்று வெள்ளி.

கிடர்பூர் துறைமுகப் பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் கிரேன் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஓடுகிற மோட்டாரின் பேரிங் மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். படிப்பு ஐ.டி.ஐ.யோடு சரி. மற்றதெல்லாம் காது கற்றுக்கொடுத்தது. ஓய்வு பெற்றபின் அதே காதைப் பாட்டுக்குக் கொடுத்தார். அந்த அறையின் சுவர்களில் கெட்டித் திரை, மூலைகளில் பஞ்சு மெத்தை, நாற்காலி நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸ் கோடு. ஞாயிறு காலையில் நாலைந்து பேர் வந்து கச்சேரிப் பதிவு கேட்பார்கள். அந்த வங்காள நகரத்தில் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் யார் பாட்டுப் பெட்டி வாங்கினாலும் அவரைக் கேட்டுவிட்டுத்தான்.

பழைய ஆம்ப்ளிஃபயர் மழைக்கால ஈரத்தில் புகைந்து போயிற்று. சின்ன அறைக்குப் பெரிய சக்தி வேண்டாம், சுத்தமாக இருந்தால் போதும் என்று சாந்தினி சௌக் கடைக்காரர் பிஸ்வஜித், இங்கிலாந்துப் பெட்டி ஒன்றை வீட்டுக்கே அனுப்பினார். முகத்தில் ஒரே ஒரு குமிழ், சத்தத்துக்கு. வீரராகவனுக்குப் பிடித்த ரகம். பாஸ், ட்ரெபிள், இடம் வலம் சரிபார்க்கும் பாலன்ஸ் என்று வரிசையாகக் குமிழ் வைத்த பெட்டிகள் அவருக்கு ஆகாது. “குமிழைத் திருப்பறவன் பாட்டைக் கேக்கலை, பொட்டியைக் கேக்கறான்” என்று நண்பர் ஜெய்ராமை எல்லார் முன்பும் கேலி செய்தவர்.

எந்தப் பெட்டியையும் அவர் பாட்டை வைத்துச் சோதிப்பதில்லை. பாடகர் வாய் திறப்பதற்கு முந்தைய அரை நிமிஷம்தான் பரீட்சை. அவரிடமிருந்த ஒரு பதிவில் அப்போது இடப்பக்கம் தம்புரா மீட்டிக்கொண்டிருக்கும், வலப்பக்கம் வயலின்காரர் சுருதி சேர்ப்பார். தம்புராத் தந்தியின் ரீங்காரம் இடது ஸ்பீக்கரிலிருந்து தூள்தூளாக உதிர வேண்டும்.

உதிரவில்லை. கம்பளிக்குள் சுற்றி வைத்ததுபோல் இருந்தது.

திங்களன்றே கடைக்குப் போன் போட்டு, இடது சானல் செத்த பெட்டியை அனுப்பியிருக்கிறாய் என்று வங்காளியில் வைதார். பிஸ்வஜித் பெட்டியை எடுத்துப் போய்ப் பிரித்துப் பார்த்துவிட்டு, செவ்வாயன்று தானே திரும்பக் கொண்டுவந்தார். “ஏக்தோம் டீக் ஆச்சே, தாதா.” துளிக் கோளாறும் இல்லையாம். ஒப்பிட்டுப் பார்க்கக் குமிழ்கள் வைத்த ஜப்பான் பெட்டி ஒன்றையும் விட்டுப் போனார்.

அதிலும் தம்புரா கம்பளிக்குள்ளேயே இருந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. இரண்டு புதுப் பெட்டிகளுக்கும் ஒரே பக்கம் போகாது. போனது ஸ்பீக்கராக இருக்கலாம். இல்லையென்றால், முப்பத்தைந்து வருஷம் ஸ்க்ரூ டிரைவர் பிடியை எந்தக் காதில் ஒட்டினாரோ அந்தக் காது.

எதுவென்று தெரிய ஒரு நிமிஷம் போதும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். இடது ஸ்பீக்கர் அப்போது வலது காதுப் பக்கம் வந்துவிடும். அங்கேயும் தம்புரா மங்கலாக இருந்தால் பழுது ஸ்பீக்கரில். தெளிந்துவிட்டால் பழுது தன்னிடம். பிறர் வீடுகளில் எத்தனையோ தடவை செய்து காட்டிய சோதனைதான். ஆனால் மூன்று நாளாக நாற்காலியின் பக்கமே போகவில்லை. வயரைக் கழற்றி மாட்டினார். முனைகளைத் துடைத்தார். சாக்பீஸ் கோட்டை அழித்து, அளந்து, அதே இடத்தில் மறுபடி போட்டார்.

வியாழன் காலை பால் வாங்கிக்கொண்டு தெருவைக் கடக்கும்போது, இடப்புறமிருந்து வந்த ஆட்டோ அவர் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்திருக்கிறான். “காலா நாகி, தாதூ!” என்று கத்தினான். செவிடா கிழவரே என்கிறான். வீட்டுக்கு வந்து பால் பாக்கெட்டைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, நேரே கடைசி அறைக்குப் போய் வயர் முனைகளை மறுபடி துடைத்தார்.

வெள்ளி மத்தியானம் ஜெய்ராம் போன் செய்தார்.

“என்ன ஓய், தீர்ப்பு ஆச்சா? நீர் எதைச் சொல்றீரோ அதையே நானும் எடுத்துடறேன். நீர் ஏசினதுலேர்ந்து என் பொட்டியில குமிழைத் தொடவே கூசறது.”

“ஞாயித்துக்கிழமை சொல்றேன்.”

“ஏன், ரெண்டும் ஒரே மாதிரி கேக்கறதோ? உம்ம காதுக்கா?” ஜெய்ராம் சிரித்தார்.

போனை வைத்தபிறகுதான் வீரராகவன் கவனித்தார், அதை வலது காதில் வைத்துப் பேசியிருக்கிறார். எப்போதிலிருந்து வலது காது? யோசித்துப் பார்த்தார். நினைவில்லை.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே மழை. பட்ஜ்பட்ஜ் லோக்கல் ரயில் கடந்து போகும்வரை காத்திருந்தார். பிறகு நாற்காலியைத் திருப்பினார். பதிவை ஓட்டிவிட்டு, சுவர்த் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

தம்புரா வலது தோளுக்குப் பின்னாலிருந்து பளிச்சென்று எழுந்தது. ஒவ்வொரு துகளும் கேட்டது. இந்தப் பதிவில் இத்தனை அழகாக அதை அவர் கேட்டதேயில்லை. இப்போது வயலின் கம்பளிக்குள் போயிருந்தது. பாடகர் பாட ஆரம்பித்தார். வீரராகவன் எழுந்திருக்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு காமு வந்தாள். “எத்தனை தடவை கூப்பிடறது? இதென்ன, சுவத்தைப் பாத்துண்டு உக்காந்திருக்கேள்?”

“காமு, இடது காது போயிடுத்து.”

அவள் பாட்டை நிறுத்தினாள். “பூராவுமா?”

“மேல் ஸ்தாயி சத்தமெல்லாம்.”

“அப்போ நான் கூப்பிட்டு நீங்க வராததெல்லாம்?”

“சில தடவை காதுதான்.”

“சில தடவையா!” என்றாள். அவர் சிரிக்கவில்லை.

“வலதும் போயிட்டா?” என்று கேட்டார்.

“திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம்” என்றாள். அவரை எழுப்பி, நாற்காலியைத் தரையில் கிறீச்சிட இழுத்து, பழையபடி ஸ்பீக்கரைப் பார்க்கப் போட்டுவிட்டுப் போனாள். கோட்டுக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டிருந்தாள். அவர் சரிசெய்து உட்கார்ந்தார்.

ஜப்பான் பெட்டியை ஓட்டி, பாலன்ஸ் குமிழை இடப்பக்கம் திருப்பினார். ஒரு கோடு. இரண்டு. மூன்றாவதில் தம்புரா வந்தது. முழுசாக இல்லை, ஆனால் தன் இடத்துக்கு வந்தது. இதே நிலையில் ஞாயிற்றுக்கிழமை வேறு யார் உட்கார்ந்தாலும் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து கேட்கும். மறைக்க வழியில்லை.

பிஸ்வஜித்துக்குப் போன் செய்து ஜப்பான் பெட்டி இருக்கட்டும் என்றார். இத்தனை குமிழோடா, நீங்களா என்று கடைக்காரர் சிரித்தார். இடது காது சரியாகக் கேட்கவில்லை என்று வங்காளியில் சொன்னார். அந்த பாஷையில் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது. உன் பெட்டியில் பழுதில்லை, வைததை மனசில் வைத்துக்கொள்ளாதே என்றும் சொன்னார்.

பிறகு ஜெய்ராமை அழைத்தார்.

“ஓய், எனக்கு ஜப்பான் பொட்டி. குமிழ் வெச்சது. என் இடது காது போயிடுத்து. உமக்கு எது வேணும்னு நீரே வந்து கேட்டுச் சொல்லும்.”

சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள் போனை இடது காதுக்கு மாற்றிப் பிடித்தார். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஜெய்ராமின் குரல் நாலு வீடு தள்ளி வருவதுபோல் வந்தது. “காத்தாலயே வந்துடறேன்” என்பது புரிந்தது. சிரித்துக்கொண்டு சொன்னாரா, இல்லையா என்பது மட்டும் தெரியவில்லை.