அம்மா வாயில் வராத பேர்

எங்கள் ஊரின் பேர் செஞ்சி. என் அப்பா, நைனாவின் பேரும் செஞ்சிதான். அவருக்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்று கோட்டையைக் காக்கும் செஞ்சியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, அவள் பேரையே வைத்தார்களாம். எங்கள் தெருவில் அப்படிப் பேர் வாங்கியவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒருத்தரைக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள்.

பேருக்கு அர்த்தம் கேட்டால் ஆளுக்கொரு கதை. பூசாரி அது அம்மன் பேர், அதற்குமேல் கேட்காதே என்பார். வாத்தியார் மலையைக் குறிக்கும் வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது என்று அடித்துப் பேசுவார். கோட்டை பார்க்க ஜீப்பில் வரும் துரைகள் வாயில் சுடுசோற்றைப் போட்டுக்கொண்டதுபோல 'ஜிஞ்ஜி' என்பார்கள். நைனாவிடம் கேட்டேன்.

"பேருன்னா கூப்ட்டா திரும்பிப் பாக்கணும். அவ்ளோதான். அதுக்கு இன்னாடி அர்த்தம்?" என்றார்.

இந்தப் பேரை வாயால் சொல்லாத ஒரே ஆள் அம்மா. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் நம்பினார்கள். மற்றவர்களுக்கு அது ஒரு ஆளோடு போயிற்று. அம்மாவுக்கோ ஊர், அம்மன், எதிர்வீட்டுப் பையன் எல்லாவற்றுக்கும் வாய் கட்டிப்போயிற்று. ஊரை 'நம்மூரு' என்பாள். அம்மனை 'கோட்டைக்காரி' என்பாள். பையன் வெறும் 'டேய்'. வெளியூரில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் என் விலாவில் ஒரு இடி இடிப்பாள், நான் சொல்ல வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அஸ்ஸாம் பக்கம் ரோடு போட ஆள் எடுத்தார்கள். கூலி கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த நைனாவும் போனார். சண்டை முடிந்ததும் போனவர்கள் கும்பல் கும்பலாகத் திரும்பினார்கள். கும்பல் வருகிறது என்று சேதி வந்தால் அம்மா களையெடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு திண்டிவனம் ரயிலடிக்குக் கிளம்பிவிடுவாள். பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடுகிற பஸ் மேடு கண்டால் நின்றுவிடும், எல்லாரும் இறங்கித் தள்ளுவோம். ரயிலில் வந்தவர்களிடம் விசாரிப்பதும் நான்தான்.

"செஞ்சி வந்துட்டாரா?"

காய்ச்சலில் படுத்திருந்ததைப் பார்த்தேன் என்றார் ஒருவர். அது வேறு செஞ்சி என்றார் இன்னொருவர். உயரம், நிறம், காதில் இருந்த மச்சம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிற்று. வராமலே இருந்தால்கூடப் பரவாயில்லை, இந்த அலைச்சல் தீர்ந்தால் போதும் என்று நினைத்த நாளும் உண்டு.

ஒருநாள் வந்த கும்பல்தான் கடைசி, இனிமேல் யாரும் கிடையாது என்று ரயிலடியில் சொல்லிவிட்டார்கள். பிளாட்பாரம் காலியாகும்வரை அம்மா நின்றாள். அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு "வா" என்றாள்.

பஸ்ஸில் எனக்குக் கண்ணைச் சொருகியது. கண்டக்டர் வந்தார்.

"எங்கம்மா போவணும்?"

வழக்கமான இடிக்காக விலாவை ஒடுக்கிக்கொண்டேன். இடி வரவில்லை.

"செஞ்சி" என்றாள் அம்மா.

நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியில் குங்குமம் அப்படியேதான் இருந்தது, ஆனால் நைனா செத்துப்போய்விட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

அம்மா இன்னொரு முறை சொன்னாள். இந்தத் தடவை சத்தமாக, ஜன்னல் பக்கம் திரும்பி, யாரையோ கூப்பிடுவதுபோல.

பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.