கிணற்றைப் பற்றி எழுதிய மரகதம் அக்கா

மரகதம் அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய தம்பி. “அக்கா காலையில தவறிட்டாக மேடம். எழுமலைக்குத்தான் கொண்டு போறோம். நீங்க வந்து ரெண்டு வார்த்தை நல்லா பேசணும்” என்றார். எழுமலையில் இருக்கும் அந்த வீட்டு வாசலை அக்கா மிதிக்கக் கூடாது என்று சொன்னவரும் அவர்தான்.

நானும் அக்காவும் மதுரையில் ஒரே அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தோம், இருவரும் எழுதுகிறவர்கள். அவருடைய நாவலை வாசித்தவர்களுக்கு அவருடைய அத்தை செல்லத்தாயியைத் தெரியும். வேறு சாதிக்காரர் ஒருவரோடு சமயநல்லூர் வரை ஓடிப்போனவரைச் சமாதானம் சொல்லித் திரும்ப அழைத்து வந்தார்கள். கொஞ்ச நாளில் கிணற்றில் தவறி விழுந்துவிட்டார் என்று சொல்லித்தான் அக்காவை வளர்த்திருந்தார்கள்.

அக்கா அதை நம்பவில்லை. லீவு நாளெல்லாம் ஊருக்குப் போய் விசாரித்தார். அத்தையைத் தள்ளிவிட்டது தன் சொந்தப் பெரியப்பா என்று தெரிந்த பிறகும் விசாரிப்பதை நிறுத்தவில்லை. “இன்னும் என்னக்கா தெரியணும்?” என்று கேட்டேன். “செத்தது எப்படின்னு தெரிஞ்சிருச்சு. அவ சிரிச்சா எப்படி இருக்கும்னு இன்னும் தெரியலயே. அது தெரியாம எழுதுனா அது போலீஸ் ரிப்போர்ட்டு” என்றார். எழுதி வைத்திருந்த அத்தியாயங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் பஸ் ஏறினார்.

நாவல் வந்தது. ஓர் இலக்கியப் பரிசுக் குழுவில் இருந்த ஒருவர், “இதில் கற்பனை குறைவு” என்று மேடையிலேயே சொன்னார். வீட்டில் அப்படி யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வரியும் யாரைப் பற்றியது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அக்காவின் அம்மா இறந்தபோது அவரோடு நானும் எழுமலைக்குப் போனேன். தம்பி தெருமுனையிலேயே மறித்தார். “செத்தவுக எலும்பத் தோண்டி வித்தவ நீ. உனக்கு இங்க என்ன சோலி? போயிரு.” அக்கா திரும்பி நடந்தார். பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து கொட்டுச் சத்தம் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் ஒரு கதைகூட எழுதவில்லை. ‘ஏன் எழுதுவதில்லை’ என்று பேட்டிகளில் கேட்டவர்களிடம், “ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி” என்று சொல்லிவிடுவார்.

அந்தத் தெருமுனையில் இப்போது பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ‘எங்கள் குலவிளக்கே’ என்று எழுதி, கீழே அக்காவின் படத்தைவிடப் பெரிதாகத் தம்பியின் படம். மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். “செல்லத்தாயி என்கிற பெண் இந்த ஊரில் வாழ்ந்தார்” என்று தொடங்கினேன். “எழவு வீட்ல அந்தப் பேச்சு எதுக்கு?” என்று யாரோ கத்தினார். மைக்கை நிறுத்திவிட்டார்கள்.

கிளம்பும்போது தம்பி வந்து சாதாரணமாகப் பேசினார். “புத்தகத்தைத் திரும்பப் போடலாம்னு இருக்கோம் மேடம். அந்தக் கிணத்துப் பகுதிய மட்டும் எடுத்துருவோம். அக்கா இருந்தா அவுகளே சரின்னுருப்பாக.”

“இருந்தப்பக் கேட்டீங்களா?”

“உரிமை இனிமே எங்களுக்குத்தான மேடம்.”

அக்காவுக்குக் கணவரோ பிள்ளைகளோ இல்லை; சட்டம் அவர் பக்கம். கிணறு இல்லாத அந்த நாவலை நல்ல தாளில் அச்சடிப்பார்கள். வெளியீட்டு விழா நடக்கும். கற்பனை குறைவு என்றவரே தலைமை தாங்கினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

என் பங்குக்கு அக்காவின் ஒரு பேச்சை வைத்துக்கொள்கிறேன். “கோவம் ஆறுன பெறகு எழுதுப்பா. சூட்டோட எழுதுனா நீ மட்டும்தான் தெரிவ” என்பார். சரியான பேச்சுதான் அக்கா. ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை.