குடை வீடு, மீன் வீடு, ஒரு கம்ப்யூட்டர்

இன்னமும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் மாவு நோட்டைக் கம்ப்யூட்டர் படித்துவிட்டது!

இந்த பெங்காலி ஊரில், லேக் கார்டன்ஸிலிருந்து டாலிகஞ்ச் வரை முப்பத்தெட்டு வீடுகளுக்கு இட்லி மாவு கொடுக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு எழுத்து அரைகுறை. அதனால் நோட்டில் பெயர் கிடையாது. குடை, மீன், மணி என்று வீட்டுக்கு ஒரு படம். ஒரு வீடு பூட்டியிருந்தால், அவர்கள் மாவை யார் வாங்கி வைக்கிறார்களோ இந்தப் படத்திலிருந்து அந்தப் படத்துக்கு ஒரு கோடு. அவ்வளவுதான்.

அன்று காலையில்தான் மாவு கொண்டுபோகும் மாலதி உட்கார்ந்துவிட்டாள். சித்தி என்பதைப் போல, பெங்காலியில் ‘மாஷிமா’ என்றுதான் என்னைக் கூப்பிடுவாள்.

"முட்டி வலி மாஷிமா. இனிமே ஒரு சுத்துதான். பன்னெண்டு வீட்டை விட்டுடுங்க."

விடுவதா? இருபது வருஷத்தில் ஒரு வீட்டைக்கூட நான் விட்டதில்லை! தமிழர் வீடு, பெங்காலி வீடு என்று பிரித்தேன். தெருத்தெருவாகப் பிரித்தேன். எப்படிப் பிரித்தாலும் இரண்டு சுற்று...

மாவு வாங்க வந்த நிவேதா நோட்டை எட்டிப் பார்த்தாள். மதுரைப் பெண், நியூ டவுனில் கம்ப்யூட்டர் வேலை.

"ஆன்ட்டி, இது நெட்வொர்க்! குடுங்க, கூட்டம் கூட்டமாப் பிரிச்சுக் காட்டுறேன்."

"எது எந்தத் தெருன்னு சொல்லட்டுமா?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. கோடு மட்டும் போதும். எதை வச்சுப் பிரிக்கிறதுன்னு அதுவே கண்டுபிடிக்கும்."

ஒரு வீட்டுக்கு எத்தனை கோடு, அந்தக் கோடு போகிற வீடுகள் தங்களுக்குள்ளும் வாங்கி வைக்கின்றனவா — இப்படி அதுவே அடையாளங்களை உண்டாக்கிக்கொண்டு, ஒத்துப்போவதைச் சேர்த்து வைக்குமாம். சொல்லிக் கொடுக்க ஆளே வேண்டாமாம்!

நோட்டைப் படம் பிடித்துத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். காப்பி ஆறுவதற்குள் நாலு கூட்டம். ஒன்றில் பதிமூன்று வீடுகள் — தமிழர், பெங்காலி, இந்தத் தெரு, அந்தத் தெரு, எல்லாம் கலந்து!

"உன் மெஷின் உளறுதுடி."

"இருக்கலாம் ஆன்ட்டி. ஏன் சேர்த்துச்சுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது."

எனக்குப் பொறுக்குமா? மீன் வீட்டு பெங்காலி அக்காவுக்கு, அந்த ‘தீதி’க்குப் போன் போட்டேன். எங்கேயோ இருக்கிற குடை வீட்டு பாபுவுக்கு நீ ஏன் மாவு வாங்குகிறாய் என்று கேட்டேன்.

"தினம் காலையில லேக்ல ஒண்ணாத்தானே நடக்கறோம் மாஷிமா! அங்கேயே கையில குடுத்துடுவேன்."

மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டேன். பதிமூன்று வீடும் அதே கோஷ்டி!

மறுநாள் காலை பதிமூன்று டப்பாக்களோடு ரிக்‌ஷாவில் போய் லேக் பெஞ்சில் உட்கார்ந்தேன். நடந்து முடித்தவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். மீதிக்கு மாலதியின் ஒரு சுற்று தாராளம்.

இத்தனை வருஷமாக மொழியையும் தெருவையும் வைத்தே மனுஷர்களைப் பிரித்திருக்கிறேன். யாருக்காக யார் கை நீட்டுகிறார்கள் என்பது என் நோட்டிலேயே கிடந்திருக்கிறது...

கண்டுபிடித்தது கம்ப்யூட்டர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் படம் போட்டது நான் — ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ!